சிவப்புத் துணி கட்டிய வால்வு

மேட்டுப்பாளையத்தில் இருக்கும் அந்த மில்லின் பம்பு ஹவுஸுக்குள் நுழைந்ததும் அவர் முதலில் ஸ்விட்சைத் தேட மாட்டார். சட்டைப் பையில் இருக்கும் திருப்புளியை எடுப்பார். அதன் முனையை ஓடிக்கொண்டிருக்கும் பம்பின் பேரிங் மேல் வைத்து, மரக் கைப்பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொள்வார். அரை நிமிடம் கண்ணை மூடி நிற்பார். பிறகு, "நல்லாருக்கறான்" என்பார். அவ்வளவுதான், அன்றைய வேலை தொடங்கிவிடும்.

அவருக்கு வயது 58. துணியை வெளுத்துச் சாயம் போடும் அந்த மில்லில் 30 வருடங்களாக பம்பு ஃபிட்டர். மில்லில் எல்லோருக்கும் 'பம்பு அண்ணன்'. நிஜப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், கேட்டில் இருக்கும் வாட்ச்மேனே ஒரு நிமிடம் யோசிப்பார்.

ரிட்டயர்மென்ட்டுக்கு நான்கு மாதங்கள் இருந்த ஒரு நவம்பரில்தான் அந்த எனர்ஜி ஆடிட் வந்தது. மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்து பார்க்க கோவையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பம்பு ஹவுஸ் பக்கம் வந்தது அவர்களில் இளையவர், 28 வயதுப் பெண். தோளில் ஒரு பெட்டி, கையில் நோட்டு.

அவர் கண்ணில் முதலில் பட்டது, பம்பின் டெலிவரி பைப்பில் இருந்த பெரிய வால்வு. அதன் சக்கரத்தைக் கட்டுக்கம்பியால் பைப்போடு இறுக்கிக் கட்டி, மேலே ஒரு சிவப்புத் துணியும் சுற்றியிருந்தது.

"இதை ஏனுங்கண்ணா கட்டி வெச்சிருக்கீங்க?"

"ஆரும் தொடக் கூடாதுன்னுதான் அம்மிணி."

"முழுசாத் தெறந்திருக்குதா, மூடியிருக்குதா?"

"பாதி."

"எத்தனை நாளா?"

"பம்பு வந்த நாள்லருந்தே."

அந்தப் பெண் நோட்டில் ஏதோ எழுதினார். அவர் எழுதியதைப் பார்த்ததுமே பம்பு அண்ணனுக்கு மனசுக்குள் சுருக்கென்றது.

எதுக்கும் இருக்கட்டும்!

அந்த வால்வு பாதி மூடிக் கிடந்ததற்கு ஒரு கதை இருக்கிறது.

1990களின் நடுவில் மில்லை விரிவாக்கியபோது, கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு பம்பு வேண்டியிருந்தது. கணக்குப் போட்ட என்ஜினீயர், தேவைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார். அவருக்கு மேலே இருந்தவர், 'நாளைக்கு மெஷின் கூடினால்?' என்று இன்னும் கொஞ்சம் சேர்த்தார். பம்பு வாங்கப் போனவர், அந்த சைஸ் கடையில் இல்லை என்று அதற்கு அடுத்த சைஸை வாங்கி வந்தார். கடைசியில் வந்து இறங்கியது 50 ஹெச்.பி மோட்டார்.

'எதுக்கும் இருக்கட்டும்' என்கிற இந்த ஒரு வார்த்தையில்தான் நம் ஊர் பம்புகளில் பலவும் தேவையைவிடப் பெரிதாகிப் போகின்றன. வீட்டுக்கு மோட்டார் வாங்கப் போகும் நாமும் இதைத்தான் சொல்கிறோம். அரை ஹெச்.பி போதும் என்கிற இடத்தில் ஒரு ஹெச்.பி!

பெரிய பம்பை ஓட்டிய முதல் நாளே வம்பு வந்தது. ஸ்டார்ட்டர் போட்ட கொஞ்ச நேரத்தில் ஆம்ப்ஸ் முள் 70-ஐத் தாண்டியது. ஓவர்லோடு ரிலே விழுந்து பம்பு நின்றது. மறுபடி போட்டார்கள், மறுபடி நின்றது. எதிர்ப்பு குறைவாக இருந்தால் இந்த வகை பம்பு, தான் தள்ள வேண்டியதைவிட அதிகத் தண்ணீரைத் தள்ளப் பார்க்கும். அந்தப் பாரம் முழுவதும் மோட்டார் மேல் விழும்.

அப்போது 28 வயது ஃபிட்டராக இருந்த அவர்தான் டெலிவரி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிப் பார்த்தார். முள் இறங்கியது. 48 ஆம்ப்ஸில் வந்து நின்றது. மோட்டார் தப்பித்தது. தொட்டியும் வேண்டிய நேரத்தில் நிரம்பியது. மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். விவரம் தெரியாத யாராவது திறந்துவிட்டால் மோட்டார் புகைந்துவிடும் என்று, அன்றைக்கே கம்பியால் கட்டி சிவப்புத் துணியும் சுற்றினார்.

அதன் பிறகு அந்தத் துணி கிழிந்தபோதெல்லாம் புதுத் துணி மாறியது. மோட்டாருக்கு நான்கு முறை காயில் கட்டியாயிற்று. வால்வு மட்டும் அப்படியே இருந்தது. ஒரு மோட்டாரைக் காப்பாற்றிய அடையாளமாகத்தான் அவர் அதை வைத்திருந்தார்.

மூன்றில் ஒரு பங்கு

ஆடிட்டர் பெண் இரண்டு நாட்கள் பம்பு ஹவுஸிலேயே இருந்தார். பைப்பை வெட்டாமல், மேலே இரண்டு உணர்விகளை ஒட்டி ஒலி அலை மூலம் தண்ணீர் ஓட்டத்தை அளந்தார். வால்வுக்கு முன்னால் இருந்த பிரஷர் கேஜ் 4.3 கிலோ காட்டியது. வால்வுக்குப் பின்னால் கேஜே இல்லை. ஒன்றை மாட்டச் சொன்னார். அது 2.3 கிலோ காட்டியது.

"இந்த ரெண்டு கிலோ எங்கீங்கண்ணா போச்சு?" என்று கேட்டார் அந்தப் பெண்.

அவர் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை 30 வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

இரண்டு கிலோ பிரஷர் என்றால் சுமார் 20 மீட்டர் உயரம். கிட்டத்தட்ட ஆறு மாடிக் கட்டடம். பம்பு தண்ணீரை ஆறு மாடி அதிகமாக ஏற்றுகிறது. அந்த உயரத்துக்கான சக்தி முழுவதையும், பாதி மூடிய வால்வு சத்தமாகவும் சூடாகவும் கரைத்துவிடுகிறது.

கணக்கை அந்தப் பெண் பம்பு ஹவுஸ் சுவரிலேயே சாக்பீஸால் எழுதிக் காட்டினார். நொடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் உயரம், இரண்டையும் பெருக்க வேண்டும். அதை 9.81-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால், தண்ணீரை ஏற்றுவதற்கு மட்டும் தேவைப்படும் சக்தி கிலோவாட்டில் கிடைக்கும். இங்கே நொடிக்கு 40 லிட்டர், 26 மீட்டர். விடை, 10.2 கிலோவாட். மோட்டார் இழுத்துக்கொண்டிருந்தது 30 கிலோவாட்.

கொடுக்கிற மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீரை மேலே ஏற்றியது. 8 கிலோவாட் வால்வில் போனது. மீதி, தனக்குப் பொருந்தாத இடத்தில் ஓடிக்கொண்டிருந்த பழைய பம்புக்குள்ளும், காயில் கட்டிக் கட்டித் திறன் குறைந்துபோன மோட்டாருக்குள்ளும் போனது.

சரியான சைஸில் ஒரு பம்பு போட்டால் 15 கிலோவாட் மிச்சமாகும். ஒரு நாளைக்கு 20 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 90,000 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 6 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய்.

"அப்ப... முப்பது வருசமா நான் காசைக் கரியாக்கிட்டு இருந்தனா அம்மிணி?"

அந்தப் பெண் என்ன சொல்வது என்று தெரியாமல், "அப்புடி இல்லீங்கண்ணா" என்றார். அவர் திருப்புளியைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஒரு பைசாவின் விலை

வேறு யாராவது என்றால், 'போகட்டும், மில் காசுதானே' என்று விட்டிருப்பார்கள். அவரால் முடியவில்லை. அதற்கு அவர் அய்யன்தான் காரணம்.

அன்னூர் பக்கம் மேட்டு நிலம் வைத்திருந்த விவசாயி அவர் அய்யன். ஆரம்பத்தில் மாடு கட்டிக் கவலை இறைத்தவர். கொங்கு நாட்டில் மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் முறைக்குப் பெயரே கவலைதான். எந்த மாடு எவ்வளவு இழுக்கும், எத்தனை சாலுக்கு ஒரு முறை அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது. வீணாக ஒரு சால்கூட இறைக்க மாட்டார்கள். இழுப்பது உயிருள்ள மாடு ஆயிற்றே!

பிறகு மின்சாரம் வந்தது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் இயங்கத் தொடங்கிய பிறகுதான் கோவையில் மில்கள் பெருகின. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து தயாரித்ததைத்தான் இந்தியாவின் முதல் மின் மோட்டார் என்பார்கள். இன்றைக்கு நாட்டின் பம்பு, மோட்டார் தேவையில் ஏறக்குறைய பாதியைக் கோவைதான் தருகிறது என்று தொழில் வட்டாரத்தில் பெருமையாகச் சொல்வார்கள். காட்டுக்குக் காடு பம்ப்செட் வந்தபோது, மாடு ஓய்ந்தது. மீட்டர் ஓட ஆரம்பித்தது.

1970-ல் மின் கட்டணத்தில் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லி, நாராயணசாமி நாயுடு தலைமையில் கொங்கு விவசாயிகள் போராடினார்கள். அந்த வருடம் ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் கட்டை வண்டிகளைக் கோவை நகரத்துக்குள் ஓட்டி வந்து நிறுத்திய போராட்டத்துக்கு அவர் அய்யனும் வண்டி பூட்டிக்கொண்டு போனார். வண்டியில் அய்யன் பக்கத்தில் ஐந்து வயதுப் பையனாக உட்கார்ந்திருந்தது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது.

1990-ல் விவசாயத்துக்கு மின்சாரம் முழுக்க இலவசமானது. அதற்குப் பிறகும்கூட அவர் அய்யன், பாத்தி நிரம்பியதும் ஓடிப் போய் மோட்டாரை நிறுத்துவாராம். "ஒத்தப் பைசாவுக்கு மூணு உசுரு போச்சுடா" என்பாராம்.

அப்படிப்பட்டவர் மகன், அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டார். வருடத்துக்கு 90,000 யூனிட். 30 வருடத்துக்கு 27 லட்சம் யூனிட்.

பால் பொங்குகிற கதை

மறுநாள் காலையில் பேத்தி ஃபேனை நிறுத்தாமல் அறையிலிருந்து வெளியே வந்தாள். வழக்கமாக ஒரு சத்தம் போடுவார். அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

"ஏன் அப்புச்சி, இன்னிக்கு ஒண்ணுஞ் சொல்லலை?" என்று அவளே கேட்டாள்.

அவர் பேசாமல் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். ஒரு ஃபேன் 75 வாட் என்றால், 15 கிலோவாட்டில் 200 ஃபேன் ஓடும். 30 வருடமாக வீட்டில் ஒரு ஃபேனுக்காகச் சத்தம் போட்டுக்கொண்டு, மில்லில் 200 ஃபேனை ஓட விட்டிருக்கிறோம் என்கிற நினைப்பு அவரைக் குடைந்தது.

விஷயத்தை மனைவியிடம் சொன்னார். அவர் அடுப்பில் பால் வைத்திருந்தார். பொங்கி வந்த பாலில் ஒரு கை தண்ணீரைத் தெளித்துவிட்டுச் சொன்னார்.

"இதானுங்களே அது? அடுப்பை முழுசா எரிய விட்டுப்போட்டு, பொங்காம இருக்கறக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டே நிக்கறது."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆனா, அந்த அடுப்பு நீங்க வாங்குனதில்லீங்களே. கொறைக்கறக்குத் திருகே இல்லாத அடுப்பை எவனோ வாங்கிக் குடுத்தான். பால் வீணாப் போகாம நீங்க பார்த்துக்கிட்டீங்க. இதுல உங்க மேல என்ன தப்பு?"

பம்பு பற்றி எந்தப் புத்தகமும் படிக்காதவர் சொன்ன விளக்கம் இது. பம்பின் விலையைப் பார்த்து வாங்குகிறவர்கள், அது சாகும் வரை தின்னப்போகும் மின்சாரத்தைப் பார்ப்பதில்லை. அதிக நேரம் ஓடும் ஒரு பம்பின் ஆயுள் செலவில், வாங்கிய விலை சின்னப் பங்குதான். கரன்ட் பில்தான் பெரும் பங்கு. உலகில் செலவாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பம்புகளுக்குப் போகிறது என்று அமெரிக்காவின் ஹைட்ராலிக் இன்ஸ்டிட்யூட்டும், யூரோபம்ப் என்கிற ஐரோப்பிய அமைப்பும் 2001-ல் வெளியிட்ட கையேடு கணக்கிட்டிருந்தது.

அந்தக் காலையில் அவருக்கு இது எதுவும் தெரியாது. மனைவி சொன்னதுதான் மனதில் நின்றது. டீயைக் குடித்துவிட்டு மில்லுக்குக் கிளம்பினார்.

சுவரில் இருந்த கோடுகள்

ஆபீஸ் அறையில் அன்றைக்கு ஆடிட் குழுவோடு மீட்டிங். வழக்கத்துக்கு மாறாக அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

வேகத்தைக் குறைக்கும் டிரைவ் ஒன்றை மாட்டிவிட்டால் போதும் என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி ஏற்கெனவே சொல்லிவிட்டுப் போயிருந்தார். வேகத்தை 20 சதவிகிதம் குறைத்தால் மின்சாரம் பாதியாகும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு பொய்யில்லை. பம்பின் வேகத்தைக் குறைத்தால், தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். 0.8 × 0.8 × 0.8 என்றால் 0.51.

ஆனால், தண்ணீர் பைப்புக்குள்ளேயே சுற்றிவரும் இடத்துக்குத்தான் அது முழுசாகப் பொருந்தும் என்று ஆடிட்டர் பெண் விளக்கினார். ஏ.சி பிளான்ட்டில் சுற்றும் தண்ணீர் அந்த வகை. இங்கே தண்ணீர் தொட்டிக்கு ஏற வேண்டும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் பம்பு சுற்றிக்கொண்டிருக்கும், தண்ணீர் மட்டும் ஏறாது. தவிரவும் இங்கே ராத்திரி பகல் ஒரே அளவுதான் தேவை. அளவு மாறிக்கொண்டே இருக்கும் இடத்துக்குத்தான் டிரைவ் லாபம். ஒரே அளவுக்கு, சரியான சைஸ் பம்புதான் சரி.

"அது வாஸ்தவமுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். "முன்னெல்லாம் கரன்ட்டுல ஹெர்ட்ஸ் 48-க்கு எறங்குமுங்க. அன்னிக்கெல்லாம் தொட்டி ரொம்பறதுக்கு நேரமாகும். சுத்து கொறைஞ்சா ஏத்தமும் கொறையும்."

ஆடிட்டர் பெண் சிரித்தார். "அதேதானுங்கண்ணா." பிறகு, தான் பரிந்துரைத்த பம்பின் விவரத்தைத் திரையில் காட்டினார். நொடிக்கு 40 லிட்டர், 26 மீட்டர்.

அவர் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, இந்த 26 எப்ப அளந்தது?"

"இப்பத்தானுங்க, போன வாரம்."

"இப்பக் கெணறு நெறைஞ்சு கெடக்குது. மழை பேஞ்சிருக்குது. சித்த எங்கூட வாங்க."

பம்பு ஹவுஸை ஒட்டிய கிணற்றுக்குக் கூட்டிப் போனார். உள்சுவரில் டார்ச் அடித்துக் காட்டினார். தண்ணீருக்கு மேலே தெரிந்த கல்லில், பெயின்ட்டால் போட்ட கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மாதம், ஒரு வருடம். கீழ்க்கோடுகள் தண்ணீருக்குள் இருந்தன.

"வருசா வருசம் மே மாசம் தண்ணி எங்க நிக்குதுன்னு கோடு போட்டு வெச்சிருக்கறனுங்க. இன்னிக்கு நிக்கற எடத்துலருந்து நாலு மீட்டர் கீழ போயிரும். ஃபுட்வால்வ் காத்து வாங்கிரக் கூடாதுன்னுதான் இந்தக் கோடு. உங்க பம்பு நவம்பர்ல நல்லா ஏத்தும். மே மாசம் சாயப் பட்டறை காயும்."

ஆடிட்டர் பெண் ஒன்றும் பேசவில்லை. குனிந்து, போனில் அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். நோட்டில் 26 என்பதை அடித்துவிட்டு 30 என்று எழுதினார். பிறகு சொன்னார்.

"இதை நான் கேட்டிருக்கோணுங்கண்ணா. கேக்காம விட்டது எந் தப்பு."

அன்றைக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய வேலை செய்தது என்பது அந்தப் பெண்ணுக்கே தெரிந்திருக்காது. 26 மீட்டருக்கு வாங்கிய பம்பு மே மாதத்தில் திணறியிருக்கும். தண்ணீர் வரத்து சுருங்கியிருக்கும். சாய மெஷின் நின்றால் ஒரு நாள் நஷ்டமே பெரிது. 'ஆடிட்டாவது, ஒண்ணாவது' என்று முதலாளி அந்தச் சின்ன பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய 50 ஹெச்.பி-யையே மாட்டச் சொல்லியிருப்பார். மின்சாரத்தைச் சேமிக்கும் திட்டங்கள் பல இடங்களில் தோற்றுப்போவது கணக்கு தெரியாததால் அல்ல. அந்த இடத்தில் 30 வருடம் நின்றவரைக் கேட்காததால்.

புதிய கணக்கில் மிச்சம் கொஞ்சம் குறைந்தது. 15 கிலோவாட் 13 ஆனது. 90,000 யூனிட் 78,000 ஆனது. ரூபாயில் 5 லட்சத்து 46 ஆயிரம். "கொறைஞ்சாப் பரவால்லீங்கண்ணா, மே மாசம் தண்ணி வரோணுமல்ல" என்றார் அந்தப் பெண்.

பாதி சைஸ்

முதலாளி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "ஓடுற பம்பை எதுக்கு மாத்தோணும்?" என்றார். நியாயமான கேள்விதான். வாங்குகிற காசு இன்றைக்கே போகிறது, மிச்சம் மாதா மாதம்தான் வருகிறது.

அதற்குப் பதில் சொன்னது ஆடிட்டர் பெண் அல்ல, பம்பு அண்ணன்தான். "மொதலாளி, இந்த மோட்டாருக்கு நாலு தடவை காயில் கட்டியாச்சுங்க. அஞ்சாந் தடவை கட்டற காசோட இன்னுங் கொஞ்சம் போட்டாப் புதுசே வந்துரும். ஆறு மாசத்துல போட்ட காசு திரும்பிருமுங்க. நாம் போறதுக்குள்ள மாத்திக் குடுத்துட்டுப் போறனுங்க."

பிப்ரவரியில் புது பம்பு வந்தது. 25 ஹெச்.பி. பழையதில் சரி பாதி. கூடவே திறன் அதிகமான மோட்டார். பழைய பம்பு அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பக்கத்திலேயே விட்டார்கள்.

பைப் லைனில் அவர் இன்னொரு வேலையும் செய்தார். பழைய லைனில் தேவையில்லாமல் இரண்டு எல்போ வளைவுகள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு நேராக்கினார். ஃபுட்வால்வின் சல்லடையில் அடைத்திருந்த பாசியைக் கழுவினார். வால்வுக்குப் பின்னால் ஆடிட்டின்போது மாட்டிய கேஜைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "இது இருந்திருந்தா எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார்.

ஸ்டார்ட்டரைப் போட்டார்கள். டெலிவரி வால்வை அவரே திறந்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. முழுசாகத் திறந்து சக்கரம் நின்றது. கண் ஆம்ப்ஸ் மீட்டரிலேயே இருந்தது. 30 வருடப் பழக்கம், முள் ஏறிவிடுமோ என்கிற பயம். முள் 28-ல் நின்றது. நகரவில்லை.

திருப்புளியை எடுத்து பேரிங்கில் வைத்தார். காதை வைத்தார். பழைய பம்பில் எப்போதும் கூழாங்கல் உருளுகிற மாதிரி ஓர் இரைச்சல் இருக்கும். அதுதான் பம்பின் சத்தம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். இதில் அது இல்லை.

"சத்தமே இல்லீங்க" என்றார், யாரிடமோ குறை சொல்வதைப் போல.

மே மாதம்

மார்ச் 31-ல் அவர் ரிட்டயர் ஆனார். மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள்.

இப்போது அக்கம் பக்கத்து வீடுகளில் மோட்டார் என்றால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். மெக்கானிக் வேலையைவிடக் கேள்விகள்தான் அதிகம். தொட்டி எத்தனை உயரம்? நிரம்ப எத்தனை நேரம் ஆகிறது? முன்பைவிட அதிக நேரம் ஆகிறதா? ஆனால், மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன்னால் ஃபுட்வால்வைப் பார்க்கச் சொல்கிறார். பெரிய மோட்டாருக்குச் சின்ன பைப் போட்டிருந்தால், பைப்பை மாற்றச் சொல்கிறார். புதுசு வாங்குகிறவர்களிடம், ஃப்ரிட்ஜில் பார்க்கிற மாதிரி பம்ப்செட்டிலும் நட்சத்திர முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். யாராவது, 'எதுக்கும் இருக்கட்டும், ஒரு ஹெச்.பி வாங்கிரலாமுங்க' என்றால், அவர் முகம் மாறுகிறது. "எதுக்கு இருக்கோணும்? அதைச் சொல்லுங்க மொதல்ல."

பம்பை நம்பித்தான் இனி இந்த ஊர் என்பது அவருக்குத் தெரியும். அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கியபோது, அவர் டி.வி-யில் முழுக்கப் பார்த்தார். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வீணாகும் பவானி உபரி நீரில் 1.5 டி.எம்.சி-யை, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேடேற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிற திட்டம். மூன்று தலைமுறை காத்திருந்த தண்ணீர். அய்யன் இருந்திருந்தால் அழுதிருப்பார் என்று சொல்லிவிட்டு, அடுத்த நொடியே, "அங்கெல்லாம் வால்வுக்குப் பின்னால கேஜ் வெச்சிருப்பாங்களா?" என்று மனைவியிடம் கேட்டாராம்.

மே மாதம் வந்தது. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், ஒரு சின்ன பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு மில் கேட்டுக்குப் போனார். வாட்ச்மேன் ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டார்.

கிணற்றில் தண்ணீர் பழைய கோடுகளுக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. பம்பு ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியிலிருந்து வழிநீர்க் குழாயில் தண்ணீர் வந்து விழுந்ததைப் பார்த்ததும் புது ஃபிட்டர் பையன் ஓடிப் போய் ஸ்விட்சை நிறுத்தினான். தொட்டி நிரம்பிவிட்டது.

அவர் படிகளில் மெதுவாக இறங்கி, தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டார். பக்கத்தில் மாதத்தையும் வருடத்தையும் எழுதினார். மேலே வந்ததும் போன் அடித்தது. கோவையிலிருந்து ஆடிட்டர் பெண்.

"அண்ணா, நல்லாருக்கீங்களா? மே மாசம் ஆச்சே, தண்ணி எத்தனை எறங்குச்சுன்னு கேக்கலாம்னு..."

"இப்பத்தான் கோடு போட்டுட்டு வாறன் அம்மிணி" என்றார் அவர். "எழுதிக்கங்க."

பழைய பம்பின் வால்வில் கட்டியிருந்த சிவப்புத் துணி அப்படியே இருந்தது. பேசிக்கொண்டே கட்டுக்கம்பியை முறுக்கிப் பிரித்தார். துணியைக் கழற்றி, கையில் ஒட்டியிருந்த பெயின்ட்டைத் துடைத்துக்கொண்டார்.